அடிக்கு அடங்காத பிள்ளைகள்: வாசகர் கேள்விகளுக்கு மனநலக் குழுவின் பதில்கள்

வளரிளம் பருவத்தினரின் நடத்தைக் கோளாறு (கான்டக்ட் டிசார்டர்) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலக் குழுவினர் இந்த இதழில் பதில் தருகிறார்கள். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஏழாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்குக் கட் அடிக்கிறான். இந்த ஒரு வருடத்தில் பீரோவிலிருந்து மூன்று முறை பணம் எடுத்தான். என் கம்மலையும் விற்றுவிட்டான். தெரு நாயின் காலைக் கல்லால் அடித்து உடைத்தான். மருத்துவர் 'கான்டக்ட் டிசார்டர்' என்கிறார். மாமியாரோ, 'நோயும் இல்லை நொடியும் இல்லை, திமிர்' என்கிறார். எது சரி? பெரியவனானதும் குற்றவாளி ஆகிவிடுவானா?
தாய், தஞ்சாவூர் மாவட்டம்

திமிர் என்று முடிவு கட்டிவிட்டால் அடக்குவதைத் தவிர வேறு வழி தெரியாது. கோளாறு என்று பார்த்தால், எப்போது தொடங்கியது, எது தூண்டுகிறது, எதனால் நிற்காமல் தொடர்கிறது என்று தேட முடியும். மருத்துவர் சொன்னதன் பயன் அதுதான். செய்த தவறுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. கம்மலுக்கான பணத்தை அவன் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்தே ஆகவேண்டும்.

டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு இந்தக் கோளாறுக்கான 15 நடத்தைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: மனிதரையும் விலங்கையும் துன்புறுத்துவது, பொருளை நாசம் செய்வது, ஏமாற்றுவதும் திருடுவதும், விதிகளைக் கடுமையாக மீறுவது. கடந்த 12 மாதங்களில் குறைந்தது மூன்று நடந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கடைசி 6 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பள்ளிக்குக் கட் அடிப்பது 13 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் கணக்கில் வரும். உங்கள் மகன் விஷயத்தில் அது பொருந்துகிறது. எதிர்த்துப் பேசுவது, கதவை அறைந்து சாத்துவது, பரீட்சை மார்க்கை மறைப்பது, ஒரு முறை சிகரெட் பிடித்து மாட்டிக்கொள்வது போன்றவை இந்தப் பட்டியலிலேயே இல்லை. பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ திரும்பத் திரும்பக் கேடு செய்கிறானா என்பதுதான் கேள்வி.

அடுத்து, முதல் அறிகுறி 10 வயதுக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993இல் இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். சிறு வயதிலேயே முரட்டுத்தனத்தில் தொடங்குபவர்களுக்கு அது நீடிக்கும் ஆபத்து அதிகம். பதின்ம வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்குபவர்களில் பலர் வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற முத்திரையை 18 வயதுக்கு முன் எந்த மருத்துவரும் குத்தக் கூடாது. நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நிலைக்குப் போவதில்லை.

மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் (ஏ.டி.எச்.டி.), கற்றல் குறைபாடு, மனச்சோர்வு, போதைப் பழக்கம், யாராவது அவனைத் துன்புறுத்தியிருப்பது ஆகிய ஐந்தையும் தனித்தனியாகப் பார்த்தாரா என்று. நடத்தைக் கோளாறு தனியாக வருவது குறைவு. கூட இருப்பதைக் கண்டுபிடித்தால் பாதி வழி திறக்கும்.

பையனுக்கு 15 வயது. பெல்ட்டால் அடித்தேன், ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன், செல்போனை உடைத்தேன். இப்போது என் மேலேயே கை ஓங்குகிறான். அவன் அம்மாவும் பாட்டியும் அவன் பக்கம். இனி என்ன செய்வது?
தந்தை, திருப்பூர்

பெல்ட்டை இன்றே நிறுத்துங்கள். கருணைக்காக மட்டும் சொல்லவில்லை. அது வேலை செய்யாது. ஏன் என்று பார்ப்போம்.

மாலை ஆறு மணி. 'செல்லை வெச்சுட்டுக் குளிடா' என்கிறார் அம்மா. பதில் இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை குரல் ஏறுகிறது. பையன் டம்ளரைத் தூக்கி எறிகிறான். 'என்னமோ பண்ணித் தொலை' என்று அம்மா அடுப்படிக்குப் போய்விடுகிறார். கத்தினால் சொன்ன வேலை காணாமல் போகும் என்று பையன் கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று அம்மா கற்றுக்கொண்டார். இரவு அப்பா வந்து அறைகிறார், பையன் அடங்குகிறான். அடித்தால்தான் அடங்குவான் என்று அப்பாவும் கற்றுக்கொண்டார். மூன்று பேருக்கும் கைமேல் பலன் கிடைப்பதால் மறுநாளும் இதேதான் நடக்கும், இன்னும் ஒரு படி உக்கிரமாக. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் வீடு வீடாகக் கவனித்து எழுதியது இந்தச் சுழலைத்தான். 15 வயதில் பையனுக்கு உங்கள் உயரம் வந்துவிட்டது. அடுத்த படியை அவனே எடுக்கிறான்.

சுழலை உடைக்க மூன்று மாதம் ஒதுக்குங்கள். முதல் வாரம் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தினமும் 15 நிமிடம் அவனோடு இருங்கள். அறிவுரை, விசாரணை, படிப்பு பற்றிய பேச்சு கூடாது. டீக்கடைக்கு நடந்து போய் வந்தாலும் போதும். அவன் சரியாகச் செய்யும் சின்ன விஷயத்தை அப்போதே பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். 'நல்ல பையன்' என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. 'தங்கச்சிக்கு சார்ஜரக் குடுத்தியே, நல்லது' என்றால் புரியும். ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டு என்ற அளவுக்கு வர வேண்டும். முதலில் உங்களுக்கே செயற்கையாகத் தோன்றும். இருந்தாலும் விடாதீர்கள்.

இரண்டாம் வாரம் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். பக்கத்தில் போய், அவன் முகம் பார்த்து, ஒரே வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'எத்தனை தடவை சொல்றது, உனக்கு அறிவில்லையா?' என்பது கட்டளை அல்ல, சண்டைக்கு அழைப்பு. சொன்னபின் பத்து விநாடி வாயை மூடிக்கொள்ளுங்கள். செய்ய வைக்க முடியாததைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மூன்றாம் வாரம் ஒரு நோட்டுத்தாளில் நான்கே வரி எழுதி, அவனையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். மாதிரி இது: காலை 8 மணிக்குள் பள்ளிக்குக் கிளம்பினால் 2 புள்ளி. மாலை 6.30க்குள் வீட்டில் இருந்தால் 3. நாள் முழுக்க யார் மேலும் கை வைக்காவிட்டால் 3. சொன்ன ஒரு வீட்டு வேலையைச் செய்தால் 2. ஆக மொத்தம் 10. 5 வந்தால் அன்றிரவு அரை மணி நேரம் செல், 8 வந்தால் ஒரு மணி நேரம். வாரத்துக்கு 50 தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு டர்ஃபில் விளையாடக் காசு. முதல் வாரத்திலேயே 6, 7 எடுக்கும்படி இலக்கு எளிதாக இருக்கட்டும். ஒரு முறை கூட ஜெயிக்காதவன் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவான். சம்பாதித்த புள்ளியைக் கோபத்தில் கழிக்கக் கூடாது.

தண்டனை சிறியதாக, அன்றே, தவறாமல் நடக்க வேண்டும். 'ஒரு மாசம் செல் கிடையாது' என்றால் இரண்டாம் நாளே அவனுக்கு இழக்க ஒன்றும் இருக்காது, பத்தாம் நாள் நீங்களே கொடுத்துவிடுவீர்கள். ஒரு மாலை மட்டும் வைஃபை நிறுத்தினால் போதும். உடைத்த பொருளுக்கு அவன் கைச்செலவுக் காசில் வாரம் 50 ரூபாய் பிடியுங்கள், அல்லது அதற்கு ஈடான வேலை வாங்குங்கள்.

இந்தத் திட்டம் முறியும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் அவன் முன்பைவிட மோசமாகக் கத்துவான், பொருளை உடைப்பான். பழைய வழி இன்னும் பலிக்கிறதா என்று சோதிக்கிறான். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். பாட்டி ரகசியமாகத் தரும் நூறு ரூபாய் இன்னொரு ஓட்டை. பாட்டியைத் திட்டாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக் காசை அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். அப்பா ஒரு சட்டம், அம்மா ஒரு சட்டம் என்றால் தாளால் பயனில்லை. பிள்ளை முன்னால் அந்த வாக்குவாதம் வேண்டாம்.

பரிசாக பைக் வாங்கித் தருவதாக மட்டும் சொல்லாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

கை ஓங்கும் நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு கை தூரம் பின்னால் போங்கள், குரலைத் தாழ்த்துங்கள், வாசலை மறிக்காதீர்கள், மற்ற பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். அரிவாள்மனை, கத்தி, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றை முன்கூட்டியே பூட்டி வையுங்கள். நடந்ததைப் பற்றிப் பேசுவது ஒரு மணி நேரமாவது கழித்து. ஆயுதம் எடுத்தால் தயங்காமல் அவசர உதவி எண் 112.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், 13 வயது. சின்னப் பையன்களிடம் மிரட்டிக் காசு பறிக்கிறான், பெஞ்சை உடைக்கிறான், பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.
ஆசிரியை, அரசுப் பள்ளி, மதுரை மாவட்டம்

சட்டம் இடம் தராது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை ஒரு பிள்ளையை வெளியேற்ற முடியாது. அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், பள்ளிதான் அவனைக் கூட்டாளிகளிடமிருந்து தினம் ஏழு மணி நேரம் பிரித்து வைத்திருக்கிறது, ஆசிரியரே.

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைத் தனியறையில் படிக்கச் சொல்லிப் பாருங்கள். வகுப்பின் முன்னால் வேண்டாம். திணறினால், எட்டாம் வகுப்புப் பாடவேளை அவனுக்கு ஒவ்வொரு நாளும் அவமானம் என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவன் என்பதைவிட ரவுடி என்று பெயர் எடுப்பது அவனுக்கு மேல். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மதிப்பீடு செய்து சான்றிதழ் பெற்றால் தேர்வுச் சலுகை உண்டு.

'சேட்டைக்காரன்' எல்லோரையும் ஒரே பெஞ்சில், ஒரே செக்‌ஷனில் போடுவது பெரும் தவறு. ஒருவன் செய்ததைக் கேட்டு மற்றவன் சிரிப்பதே அங்கே பாராட்டாகிவிடுகிறது. தாமஸ் டிஷியன் என்ற ஆய்வாளர் இதை ஆய்வில் காட்டினார்: பிரச்சினையுள்ள பிள்ளைகளை மட்டும் சேர்த்து நடத்திய குழுப் பயிற்சிகள் சிலருக்கு நடத்தையை இன்னும் கெடுத்தன. அவனை நிதானமான பிள்ளைகள் நடுவில் பிரித்து உட்கார வையுங்கள். ஒரே ஒரு ஆசிரியர் காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம் அவனிடம் பேசட்டும். காசு பறிகொடுத்த சிறுவர்களை மறந்துவிடாதீர்கள். கழிப்பறைப் பக்கமும் இடைவேளையிலும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

புகையிலை விற்றவரை விடாதீர்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதே குற்றம். சிறுவருக்குப் போதைப் பொருளோ புகையிலையோ தருவோருக்கு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ராணுவப் பாணியில் நடக்கும் ஒழுக்க முகாமுக்கு ஒரு மாதம் அனுப்பலாமா? ஜெயிலைச் சுற்றிக் காட்டினால் பயப்படுவானா?
தந்தை, சேலம்

இரண்டும் வேண்டாம். சிறையைக் காட்டி மிரட்டும் திட்டம் 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் புகழ்பெற்றது. பிறகு இத்தகைய திட்டங்களை முறையாகச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழைத்துப் போகப்பட்ட பிள்ளைகள், அழைத்துப் போகப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். முகாமில் விசிலுக்கு அடங்குபவன் வீட்டுக்கு வந்ததும் பழைய தெருவுக்கும் பழைய கூட்டாளிகளுக்கும்தான் திரும்புகிறான். மாற வேண்டிய இடம் வீடும் தெருவும். மூர்க்கமான பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் பயன்படும் பல்முறைச் சிகிச்சையில், சிகிச்சையாளரே மூன்று முதல் ஐந்து மாதம் வீட்டுக்கு வந்து பெற்றோர், பள்ளி, நண்பர் வட்டம் மூன்றிலும் வேலை செய்கிறார்.

'ரிஸ்பெரிடோன்' எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பைத்தியத்துக்குத் தரும் மாத்திரையாமே? பழகிப்போகுமா?
தாய், திருச்சி

நடத்தைக் கோளாறை நேரடியாகக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் இல்லை. கூடவே ஏ.டி.எச்.டி. இருந்தால் மீத்தைல்பெனிடேட் போன்ற மருந்து அவசரபுத்தியைக் குறைத்து, சண்டையையும் குறைக்கும். பல நேரம் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ரிஸ்பெரிடோன் போதை தரும் மருந்தல்ல. மற்ற வழிகள் பலிக்காத கடும் ஆக்ரோஷத்துக்குக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தரப்படுவது. பசி கூடும், எடை ஏறும், தூக்கம் வரும். சில ஆண்பிள்ளைகளுக்கு மார்பு வீங்கும், கூச்சத்தில் சொல்லமாட்டார்கள், நீங்களே கேளுங்கள். தொடங்கும் முன்பும் மூன்று மாதத்திலும் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்லுங்கள். எதற்காகத் தருகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம்.

பேத்திக்கு 15 வயது. மகனும் மருமகளும் வளைகுடாவில். இரண்டு முறை ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. வாய் திறந்தால் பொய். யாரோ புது செல் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஊர் சிரிக்கிறது, பெரியவர்களே. நான் என்ன செய்ய?
பாட்டி, ராமநாதபுரம்

அம்மா, ஊரை விட்டுவிடுங்கள், பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளிடம் இந்தக் கோளாறு அடிதடியைவிடப் பொய், ஓடிப்போவது, தோழியரைப் பற்றி அவதூறு பரப்புவது என்று வெளிப்படுவது அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்பட வைப்பது அந்தப் புது செல்தான். 15 வயதுப் பெண்ணுக்கு விலையுயர்ந்த பொருள் தரும் ஆண், அவளை வசப்படுத்திக்கொண்டிருக்கலாம். சட்டப்படி 18 வயது வரை அவள் குழந்தை. உடல்ரீதியாக எது நடந்திருந்தாலும், அவள் சம்மதித்ததாகச் சொன்னாலும், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் அது அவன் குற்றம்.

செல்லைப் பிடுங்கி உடைத்தால் ஆதாரமும் போகும், அவளும் போய்விடுவாள். 'நீ வீட்டுக்கு வந்ததே எனக்குப் போதும், சாப்பிடு' என்று தொடங்குங்கள். யார், எங்கே என்ற கேள்வியை மறுநாளுக்கு வையுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள், 'நீ ஏன் போனே' என்று கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மருத்துவமனையில் கர்ப்பம், பால்வினைத் தொற்று, மனச்சோர்வு மூன்றுக்கும் பரிசோதனை தேவை. கையில் வெட்டுக் காயம், 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு இருந்தால் அன்றே அழைத்துப் போங்கள். இந்தப் பிள்ளைகளிடம் தற்கொலை ஆபத்து அதிகம். அடம் என்று நினைத்துத் தவறவிடக் கூடாது. மகனிடம் மறைக்காதீர்கள். தினம் ஒரே நேரத்தில் அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு வரட்டும், அதில் விசாரணை வேண்டாம்.

16 வயதுத் தம்பியை பைக் திருட்டு வழக்கில் பிடித்துப் போய்விட்டார்கள். அவன் வாழ்க்கை முடிந்ததா?
அண்ணன், சென்னை

முடியவில்லை. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட அமைப்பு அது. வயதுச் சான்றாக முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ எடுத்துப் போங்கள். அது இல்லாதபோதுதான் நகராட்சி, ஊராட்சிப் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால் எலும்புச் சோதனை.

ஜாமீன்தான் விதி. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் ஆகிய மூன்று காரணங்களில் ஒன்றை எழுத்தில் பதிந்துதான் மறுக்க முடியும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்திருந்தால் இது சிறு குற்ற வகை. விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். இன்னும் இரண்டு மாதம் நீட்டித்தும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு முடித்துவைக்கப்படும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாகக் கிடைப்பார். அவன் பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம். உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். தம்பிக்கு மனநல மதிப்பீடு தேவை என்று குழுமத்திடம் நீங்களே கேட்கலாம். ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு உண்டு.

தம்பியின் தலை உடைந்தபோதும் என் மூத்த மகன் முகத்தில் சலனமே இல்லை. அழுகை இல்லை, வருத்தம் இல்லை. எங்கே காட்டுவது? கூப்பிட்டால் வரமாட்டான்.
தாய், கோயம்புத்தூர்

குற்ற உணர்வின்மை, பிறர் வலியைப் பொருட்படுத்தாமை, தன் தோல்வியைப் பற்றிய அலட்சியம், மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு 12 மாதங்களாக வீடு, பள்ளி என்று பல இடங்களில் தெரிந்தால், இது கடினமான வகை. ஒரு நாள் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அடியும் வன்முறையும் அனுபவித்த பிள்ளையும் பயத்தில் மரத்துப்போய் இப்படி நிற்பான். இந்த வகைப் பிள்ளைகளிடம் தண்டனை மற்றவர்களைவிடக் குறைவாகவே எடுபடும். பரிசும் பாசமும் எடுபடும். திருப்பூர் தந்தைக்குச் சொன்ன தாளை இன்னும் பொறுமையாக, ஆறு மாதமாவது நடத்த வேண்டியிருக்கும். அதுவரை தம்பியை அவனோடு தனியே விடாதீர்கள், தனி அறையில் உள்தாழ்ப்பாளோடு தூங்க வையுங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் சந்திப்புக்கு அவன் வரவேண்டும் என்பதில்லை. பெற்றோர் பயிற்சி உங்களுக்குத்தான், நீங்கள் இருவர் போனாலே தொடங்கிவிடும். போகும்போது நான்கைந்து வருட மதிப்பெண் அட்டைகள், தலையில் அடிபட்டது அல்லது வலிப்பு வந்தது இருந்தால் அந்தச் சீட்டுகள், கடைசி ஆறு மாதச் சம்பவங்களைத் தேதி போட்டு எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்னால் என்ன நடந்தது, பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.